முருகன் படம் போட்டு வந்த ஹோம் பேஜ்

வாடிக்கையாளர் சிஸ்டத்தைத் திறந்து காட்டி முடிப்பதற்குள் "ஃபார்மட் போட்டுரலாம் சார்" என்று சொல்லும் பழக்கம் உங்களில் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. சிவகாசியில் எந்த ஆபீசில் எந்த சிஸ்டத்தைத் துடைத்துப் போட்டீர்கள் என்பது வரைக்கும் வருகிறது. அக்கா திட்டுவாள் என்று தெரிந்துதானே போன் பண்ணாமல் இருக்கிறீர்கள்? திட்டத்தான் போகிறேன். ஆனால் காரணத்தோடு திட்டுகிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் பார்க்காத கோளாறு இல்லை. அச்சாபீசில் பேப்பர்த் தூசி அடைத்துச் சுற்றாமல் நின்ற ஃபேன் பார்த்திருக்கிறேன். இடி விழுந்து கருகிய போர்டை மாற்றி, அன்றைக்கே பில் அடிக்க வைத்திருக்கிறேன். அதிலெல்லாம் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. என்னைப் படுத்தி எடுத்தது, நீங்கள் சின்ன வேலை என்று நினைக்கிற ஒன்று. பிரவுசரைத் திறந்ததும் முதலில் வருகிற பக்கத்தை, அதாவது ஹோம் பேஜை, எவனோ மாற்றி வைத்துவிடுகிற கோளாறு. நீங்கள் ஒன்றைத் தேடினால் அவன் வேறொன்றைக் காட்டுவான். நீங்கள் மாற்றி வைத்தால் மறுநாள் அவன் திரும்ப மாற்றி வைப்பான்.

இது ஏன் கஷ்டம் தெரியுமா? போர்டு கருகினால் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. ஹோம் பேஜ் மாறினால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதுவும் வருகிற பக்கம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, பார்க்கிற பார்வையும் மாறும்.

சில இடத்தில் சிரிப்பாகவும் முடியும். காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பிரவுசரைத் திறந்தால் என்ன பாஷை என்றே தெரியாத ஏதோ ஒரு கடைப் பக்கம் வந்து நின்றது. நான் எடுக்கப் போனேன். முதலாளி என் கையைத் தடுத்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த அன்றைக்குத்தான் கேரளாவிலிருந்து பெரிய ஆர்டர் வந்ததாம், ராசியான பக்கமாம், அதைத் தொடக்கூடாதாம். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். ஆர்டர் கொடுத்தவர்களின் மெயில் எல்லாம் வேறு எவனிடமோ போகிறது என்று தெரிந்த பிறகுதான் அவரே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். நம் ஊர்க்காரர்களுக்கு ராசி என்று ஒன்று ஒட்டிக்கொண்டால் அதைப் பிய்த்து எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் சொல்லப் போகிற கதையில் வேண்டியிருக்கும்.

திருத்தங்கலில் ஒரு பட்டாசு கம்பெனியின் ஆபீஸ். பெயர் வேண்டாம். கீழே ஆபீஸ், மாடியில் முதலாளி வீடு. பட்டாசு செய்கிற ஆலை அச்சங்குளத்துப் பக்கம் இருந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது அங்கிருந்து போன் வந்தது. அது நம் வாடிக்கையான இடம் இல்லை. வேறொரு கடைக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரண்டு தடவை ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டது சரி பண்ணுவதற்கு இல்லை.

முதலாளி என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷர்தான். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். ஆபீஸ் சிஸ்டத்தில் பிரவுசரைத் திறந்து எதைத் தேடினாலும் சீட்டு விளையாட்டு விளம்பரமும், அரைகுறை உடுப்போடு பெண்கள் படமும் வருகிறது என்றார். அந்த சிஸ்டத்தில் உட்காருகிறவள் ரோஸ்லின் என்று ஒரு பெண். காலேஜ் முடித்துச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வடநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் அனுப்புவது, லோடு விவரம் ஏற்றுவது எல்லாம் அவள்தான். ஃபார்மட் போட்டால் சுத்தமாக இருக்கிறதாம். அவள் வந்து கம்பெனி மெயிலைத் திறந்து வேலையைத் தொடங்கினால் மறுபடி வந்துவிடுகிறதாம். இரண்டு தடவையும் அப்படியே நடந்ததாம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார்.

"நீங்க விவரம் தெரிஞ்சவுக. அந்தப் புள்ள பாக்குறதாலதான் வருதுன்னு மேனேஜர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா, நான் அனுப்பி வச்சிருவேன். எனக்கும் மனசு உறுத்தாது" என்றார்.

மனசு உறுத்தாமல் இருக்க என் வார்த்தை வேண்டுமாம். எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. ஆனால் சர்வீசுக்குப் போன இடத்தில் கோபத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்த பிறகு எடுக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தால் ரோஸ்லின் தன் நாற்காலியில் இல்லை. மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே சிஸ்டத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது மட்டும் இல்லை. அவளுடைய அம்மா அந்தோணியம்மாள் இதே கம்பெனியில், அச்சங்குளம் ஆலையில் பாக்கிங்கில் இருக்கிறவர். அந்த அம்மாவை லோடு வண்டியில் ஏற்றி ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டு, மேனேஜர், டிரைவர் எல்லோரும் நிற்கும்போதே, உங்கள் பிள்ளை ஆபீசில் என்ன பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். வண்டி திரும்பிப் போனதும் பேச்சு ஆலை முழுக்கப் பரவிவிட்டது. நம் பக்கத்தில் பேச்சு பெரும்பாலும் லோடு வண்டியில்தான் போகும்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"யக்கா, வேலை போனாப் போகுது. எங்கம்மா அந்த கேட்டுக்குள்ள தெனமும் நடந்து போகணும்ல. அவுகளும் வேலையை விட்டுட்டா வீட்ல அடுப்பு எரியாது. அதுக்காக நான் பாத்தேன்னு ஒத்துக்கிறவும் மாட்டேன்."

இவ்வளவுதான் சொன்னாள். இந்தப் பிள்ளையின் பெயரைத் துடைக்காமல் இந்த வாசலைத் தாண்டுவதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டேன். அது வரைக்கும் எனக்கு அவள் யாரென்றே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது தொழிலுக்கு வருகிறேன். முதலாளி மேனேஜரைக் கூட்டி வந்து பிரவுசரின் ஹிஸ்டரியைத் திறந்து காட்டினார். பாருங்கள், இத்தனை தடவை அந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறாள் என்றார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஆமாம் சார் என்றுதானே? ஹிஸ்டரி ஒன்றை மட்டும் எழுதும், எந்தப் பக்கம் திறந்தது என்று. அந்த ஆள் தானாகப் போனாரா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்களா என்று பிரித்து எழுதத் தெரியாது. இதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். மேனேஜர் நம்பவில்லை. நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்றார். நீங்களே உட்கார்ந்து திறங்கள் என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் தேடியது லாரி வாடகை. வந்தது சீட்டு விளையாட்டு. அடுத்து அந்த அரைகுறைப் படம். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். இப்போது ஹிஸ்டரியில் உங்கள் பேரும் ஏறிவிட்டது அண்ணே என்றேன். அவருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை.

அந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது கோளாறு இல்லை, மானிட்டர் ஓரத்தில் இருந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்ததா என்று கேட்டேன். இல்லையாம், தினமும் வைப்பதாம். ஏன் என்று பிரவுசரில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தபோது புரிந்தது. மணிச் சத்தத்தோடு முருகன் படம் வந்தது. கீழே அன்றைய நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். மேனேஜர் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊரெல்லாம் தொங்குகிற தினசரிக் காலண்டரை அடிக்கிறதே நம் ஊர்தான். அந்த ஆபீசின் சுவரிலும் அம்புட்டுக் காலண்டர் தொங்கியது. இருந்தாலும் கம்ப்யூட்டரே மணியடித்து நல்ல நேரம் சொல்கிறது என்றால் அது தனி சந்தோஷம்தானே. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் சீசனில் ஒவ்வொரு லோடும் கிளம்பியதாம். இதை யார் போட்டார்கள் என்று கேட்டேன். யாரும் போடவில்லை, முருகனே வந்தான் என்றார் மேனேஜர். விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு தடவை சிஸ்டத்தைத் துடைத்த பிறகும் முருகன் படம் தானாகத் திரும்பி வந்ததாம். அதைப் பார்த்து எல்லோருக்கும் பக்தி கூடிவிட்டது. அதனால்தான் தினமும் சந்தனம்.

தானாகத் திரும்பி வந்தது என்ற வார்த்தையில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துடைத்த சிஸ்டத்துக்கு முருகனும் திரும்பி வருகிறான், அந்த அசிங்கமும் திரும்பி வருகிறது. இரண்டும் கம்பெனி மெயிலைத் திறந்த பிறகுதான் வருகிறது. இரண்டும் ஒரே வண்டியில் வருகிற லோடு. இந்த அசிங்கத்தை எடுக்க வந்த அந்தக் கடைப் பையன்கள் முருகன் படத்தைத் தொடவே இல்லை. எவன் தொடுவான்? சந்தனம் வைத்திருக்கிறது. ரோஸ்லினிடம் கேட்டேன், நீயாவது இதை எடுத்துப் பார்த்தாயா என்று. மொதலாளி விரும்பிப் போட்டதாக இருக்கும், நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, நான் போய் முருகன் படத்தை எடுத்தேன் என்றால் அது வேறு பேச்சாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன் என்றாள். இப்படி ஒரு தப்பு நம் ஊரில்தான் நடக்கும். திருட்டுப் பயல் சாமி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் அவனுக்குச் சந்தனம் வைத்து உட்கார வைத்துவிடுவோம்.

பிரவுசரில் ஒரு மெயில் கணக்கோடு உள்ளே போனால், அந்தக் கணக்கு வேறு எங்கே திறந்திருக்கிறதோ அங்கே ஒட்டிவைத்ததெல்லாம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் நீங்கள் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. நான் அதைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தக் கம்பெனி மெயிலை வேற எங்கன வச்சுத் திறக்கீக?"

மாடியில் வீட்டு லேப்டாப்பில் என்றார். அதைப் பார்க்கணும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "வீட்ல அதெல்லாம் ஒண்ணும் வராது" என்றார்.

வருகிறதா என்று நான் கேட்கவே இல்லையே. இந்தத் தொழிலில் காது சிஸ்டத்தின் சத்தத்தைக் கேட்பதற்கு மட்டும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அங்கேதான் கோளாறு இருக்கிறது. நான் சொன்னேன், அந்த லேப்டாப்பைப் பார்க்காமல் நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன், இந்த சிஸ்டத்தையும் முடித்துக் கொடுக்க மாட்டேன் என்று. சீசன் நேரம், லோடு நிற்கிறது, வேறு கடையைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களும் ஃபார்மட் போடுவார்கள், இதுவும் திரும்பி வரும் என்றேன். கடைசியில் வாங்க என்றார். நான் ரோஸ்லினையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டேன். அவள் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். பழி அவள் மேல்தானே போட்டீர்கள், அவள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

மாடியில் முதலாளியின் வீட்டம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சியின் மனைவி என்பதால் நான் அவரை மயினி என்று கூப்பிட்டேன். மயினி, லேப்டாப்பைத் திறந்து எதையாவது தேடுங்களேன் என்றேன். திறந்தார். மணியடித்தது, முருகன் வந்தான். அவர் கும்பிட்டுவிட்டு, கடலைப்பருப்பு போளி செய்வது எப்படி என்று தேடினார். உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு லேப்டாப்பையும் படக்கென்று மூடிவிட்டார்.

ஏன் மயினி மூடினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கண்றாவி வந்திருக்கும். ஆடிக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான வருது. வந்தா மூடி வைய்யி, யார்ட்டயும் சொல்லாதன்னு இவுகதான் சொன்னாக."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் படிக்கிறான். லீவுக்கு வந்திருந்தபோது இதே லேப்டாப்பில்தான் உட்கார்ந்திருப்பானாம்.

"பய வேலையா இருக்கும்னு நெனச்சேன். வளந்த புள்ள. கேட்டா மொகத்துல முழிக்க முடியாதுன்னு விட்டுட்டேன்" என்றார் மெல்ல.

பைக்குள் வைத்திருந்த கோபத்தை அப்போதுதான் வெளியே எடுத்தேன்.

"உங்க வீட்ல வந்தப்ப லேப்டாப்பை மூடுனீக. ஆபீஸ்ல வந்தப்ப மட்டும் அந்தப் புள்ளையோட அம்மாவை வண்டி ஏத்திக் கூப்பிட்டு விட்டீகளா?"

மயினி ரோஸ்லினைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். கீழே என்ன நடந்தது என்றே அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றும் சொன்னேன், அது மகனுக்காக. உங்கள் பையனும் இதைக் கொண்டுவரவில்லை அண்ணாச்சி, இந்த முருகன் படத்தைப் போட்டது யார் என்று கேட்டேன். அவரேதான். வெள்ளோட்டமாக முதல் வடநாட்டு லோடு கிளம்புகிற சமயம், நல்ல நேரம் பார்க்கத் தேடியிருக்கிறார். முருகன் படம் போட்டு ஒன்று வந்தது, அனுமதி கேட்டது, சாமியிடம் என்ன அனுமதி என்று படித்துப் பார்க்காமலே அழுத்திவிட்டார். முன்னால் முருகனைக் காட்டிவிட்டு, ஹோம் பேஜையும் தேடுகிற இடத்தையும் அது வளைத்துப் போட்டுவிட்டது. இவருடைய கணக்கு வழியாக ஆபீசுக்கும் இறங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகள் மேல் இவர் சந்தேகப்பட்டதெல்லாம் இவர் விரல் செய்த வேலையால் வந்தது. மகன் மேல் பட்ட சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டார். ரோஸ்லின் மேல் பட்டதை மட்டும் ஊருக்குச் சொன்னார்.

அதை எடுத்துவிட வேண்டும் என்றேன். முதலாளிக்குக் கை வரவில்லை. முருகனை எப்படி அழிப்பது என்றார். இது முருகன் இல்லை அண்ணாச்சி, முருகன் படத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவன் என்றேன். அப்படியானால் நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்திருப்பேன். ஆனால் மேனேஜர் குறுக்கே பேசினார். இந்தப் பிள்ளையே எடுக்கட்டும், அவளுக்குத்தான் சாமி குத்தம் கிடையாதே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

ரோஸ்லின் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"நான் தொட மாட்டேன். வந்ததும் என்னாலன்னு சொன்னீக, போனதும் என்னாலன்னு ஆகிரும். போட்ட கைதான் எடுக்கணும், மொதலாளி."

உங்களுக்குச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் எத்தனையோ இன்ஜினியர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். நெருக்கடியில் இவ்வளவு தெளிவாக ஒரு முடிவெடுத்தவர்கள் குறைவு. அவளைப் பார்க்க எனக்கு அப்படியொரு பெருமையாக இருந்தது, என்னவோ நான் பெற்ற பிள்ளை மாதிரி.

முதலாளி எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். முருகா மன்னிச்சிரு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார். படம் போய்விட்டது. வெளியே இடி விழவில்லை. நான் செய்ய வேண்டிய மற்றதையெல்லாம் செய்தேன், மெயிலின் கடவுச்சொல்லை மாற்றுவது உட்பட. அது உங்களுக்குத் தெரிந்த வேலை. முடித்துவிட்டுப் பையை மூடும்போது சொன்னேன்.

"முருகன்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டீக. சரி. இன்னொரு ஆளு இங்கனயே நிக்குது."

அவர் ரோஸ்லின் பக்கம் திரும்பினார். தப்பாக நினைத்துவிட்டேன் தாயி என்றார். உண்மையாகவே சொன்னார். அச்சங்குளத்துக்கும் சொல்லிவிடுகிறேன், ஃபோர்மேனுக்குப் போன் போடுகிறேன் என்று செல்லை எடுத்தார்.

ரோஸ்லின் சொன்னாள்: "போன் கேட்டோட நின்னுரும், மொதலாளி. எங்கம்மா இருக்குற ரூம் வரைக்கும் போகாது. அன்னைக்குப் பேச்சு மட்டுந்தான் போச்சு."

பட்டாசு ஆலைக்குள் செல்போன் போகாது என்பது உங்களுக்கும் தெரியும். கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாக்கிங் அறையில் இருக்கிற பெண்களுக்கு ஒரு சேதி போக வேண்டும் என்றால் ஆள்தான் போக வேண்டும். முதலாளி செல்லைச் சட்டைப்பையில் போட்டார். பழக்க தோஷம், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ராகு காலம் நடக்கிறது, கழிந்ததும் கிளம்புகிறேன் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மயினி கேட்டுவிட்டார்.

"அந்த அம்மாவை வரச் சொன்னீகள்ல, அன்னைக்கு என்ன நேரம்னு பாத்தீகளா?"

முதலாளி செருப்பை மாட்டினார். ராகு காலத்திலேயே கிளம்பினார். காரை எடுக்கவில்லை, வாசலில் நின்ற லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதே வண்டி, அதே டிரைவர். ரோஸ்லினையும் ஏறச் சொன்னார். அவள் வரவில்லை என்றாள். எனக்கு மெயில் பாக்கி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த ஸ்டூலைத் தாண்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அச்சங்குளத்தில் நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். முதலாளி கேட்டில் தன் செல்லையும் எல்லோரையும் போலக் கொடுத்துவிட்டு, பாக்கிங் அறை வாசலில் போய் நின்றிருக்கிறார். பெண்கள் எழுந்திருக்கப் போனார்கள், உட்காருங்கள் என்றிருக்கிறார். உங்கள் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் வீட்டில், என் கையால் நடந்தது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருக்கிறார். அந்தோணியம்மாள் பெட்டியில் பட்டாசு அடுக்குவதை நிறுத்தவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டிருக்கிறார்.

"நாளைக்கு எம்புள்ள எந்தச் சீட்டுல உக்காருவா?"

அதே சீட்டில்தான் அம்மா, இப்போதே உட்கார்ந்துவிட்டாள் என்றிருக்கிறார் முதலாளி. அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், ஃபார்மட் போடாதீர்கள் என்று. துடைத்தால் கோளாறு போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒருவர் மேல் விழுந்த பழி மட்டும் நிச்சயம் போகாது. அந்த சிஸ்டத்தை மூன்றாவது தடவை நானும் துடைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மறுநாள் அது திரும்பி வந்திருக்கும், ரோஸ்லின் வீட்டுக்குப் போயிருப்பாள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும், லோடு நிற்கிறது, சீசன் போகிறது என்று எவ்வளவு கத்தினாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கையைக் கழுவாதீர்கள். தெரிந்த பிறகு, எத்தனை பேர் முன்னால் பழி சொன்னார்களோ அத்தனை பேர் முன்னாலும் அது தீரும் வரை பையை மூடாதீர்கள். அதற்குத் தனியாக பில் போட முடியாதுதான். இருந்தாலும் செய்யுங்கள்.

மறுநாள் காலையில் ரோஸ்லின் போன் பண்ணினாள். பழைய ஹோம் பேஜ் போய்விட்டது, இனிமேல் முதலில் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பிரவுசர் கேட்கிறது, என்ன வைக்கட்டும் என்றாள். முதலாளியிடம் கேட்கவில்லையா என்றேன். கேட்டாளாம். உனக்கு எது பிடிக்கிறதோ அதை வை, உன் சீட்டு என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் உனக்குப் பிடித்ததை வை, கம்பெனிப் பக்கமோ, மெயிலோ, ஒரு பூப் படமோ என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்க்கா. வெறும் பக்கமா வரட்டும். யாரு எப்ப வந்து திறந்து பாத்தாலும் ஒண்ணுமில்லாம இருக்கட்டும்."

அவள் இப்போது அந்த ஆபீசில் மேனேஜர். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நல்ல நேரம் பார்க்கிற காலண்டர் சுவரில் தொங்குகிறது, முருகன் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறார். பிரவுசரைத் திறந்தால் இன்றைக்கும் வெறும் பக்கம்தான் வருகிறது.